‘வழி’ பத்திரிகையின் அதிகாரபூர்வ வரலாறு

எங்கள் கராபுலுங் ஊரில் பழையது என்று காட்டுவதற்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கட்டடம். கடைத்தெருவை ஒட்டி, நீலக் கதவுகளோடு, ஆற்றுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கும் மாடிக் கட்டடம். அதன் பழமைக்காக யாரும் அதை விட்டுவைக்கவில்லை. இடிக்க வந்தவர்கள் சுவரின் கனத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அவர்கள் போனது என் அப்பா காலத்தில்.

அதற்குள் ‘வழி’ என்ற வாரப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. முன்பு அதன் பெயர் ‘பொதுவுடைமை வழி’. பழைய ஒன்றியம் உடைந்து நாடு தனியானபோது புதுப் பெயர் வைக்கக் கூட்டம் போட்டார்கள். கூட்டம் முடிவதற்குள் அந்த வார இதழ் அச்சேற வேண்டியிருந்ததால் முதல் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அச்சடித்தார்கள். அந்தக் கூட்டம் முறைப்படி இன்னும் முடியவில்லை. பிறகு அச்சு இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. பக்கங்கள் மாநிலத் தலைநகருக்குப் போய், வெள்ளிக்கிழமை மினிபஸ்ஸில் ஆட்டுத்தோல் மூட்டைகளுக்கு நடுவே பத்திரிகையாக வந்து இறங்கின.

நடத்தியவர்கள் இரண்டே பேர். ஆசிரியர் புருல், அறுபதை நெருங்கும் பெண்மணி, எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் சற்று நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர். பாதிப் பேர் அந்தப் பார்வையிலேயே மீதி உண்மையையும் சொல்லிவிடுவார்கள். இன்னொருவர் ஒரோசாலி. செய்தியாளர், புகைப்படக்காரர், முகவரி ஒட்டுபவர், கணப்படுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடுபவர் எல்லாம் அவரே. மேலிடத்தில் யார் எதைச் சொன்னாலும் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நம்புகிற மனிதர். அர்த்தம் பிடிபடாவிட்டால் தன் தலையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

கீழ்த்தளத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி உண்டு. கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் உள்ளே வந்து அதில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் தேநீர் குடித்து, குறையைச் சொல்லிவிட்டு, வெங்காயம் வாங்கப் போவார்கள். சொன்னதில் பாதி அச்சில் வரும். அச்சில் வந்ததில் கொஞ்சம் சரியாகும். ‘வழி’யின் அதிகாரம் அவ்வளவுதான், ஆனால் எங்கள் ஊரில் அதற்கு மேல் அதிகாரம் எதுவும் சாமானியருக்கு இருக்கவில்லை.

அந்தக் கோடையில் மேட்டுத் தெருவின் பம்ப் பழுதாகி, குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. தெருப் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கம்பளிச் செருப்பு தைக்கும் சலீமா என்ற பெண் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். புருல் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் முதல் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார்.

மறுநாள் மாவட்டத் தலைவர் அழைத்தார். எங்கள் பக்கத்தில் அவரை அக்கிம் என்போம். அக்கிம் ஷெராலி பத்திரிகையை மதிப்பவர். தன் படம் வந்த இதழ்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார்.

“பக்கத்து மாவட்டத்துல ஒரு பழைய குளியல் கூடத்தை நினைவுச் சின்னமா அறிவிச்சுட்டாங்க. திறந்து வைக்க அமைச்சரே வந்திருக்கார்” என்றார் அக்கிம். “குளிக்கிற இடத்துக்கே வரலாறு இருக்குன்னா, படிக்கிற இடத்துக்கு இருக்காதா? உங்க கட்டடத்தைச் சின்னமாக்கப் போறோம். பத்திரிகைக்குத் தொண்ணூறாம் ஆண்டு விழா. ஒரோசாலி, பத்திரிகையோட வரலாறும் கட்டடத்தோட வரலாறும் நீங்கதான் எழுதணும். உண்மையை எழுதுங்க. எது உண்மைங்கறதைக் குழு பாத்துக்கும்.”

புருல் தண்ணீர் விஷயத்தை எடுத்தார். விழா முடியட்டும், மகிழ்ச்சியான சமயத்தில் நோய்நொடியைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார் அக்கிம்.

ஒரோசாலி அன்று வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினார். இத்தனை வருஷத்தில் அவர் எழுதுவதை யாரும் வேண்டும் என்று கேட்டதில்லை. ஊரில் வயதானவர்கள் வீடுவீடாகப் போய்க் கேட்டார், மாநில ஆவணக் கூடத்தில் தூசி தின்றார், எழுதினார். கம்பளி வியாபாரி ஒருவர் கிடங்காகக் கட்டியது. அவரை விரட்டிவிட்டுக் குதிரைப்படை வந்தது, கீழ்த்தளம் லாயமானது. பிறகு அங்கே நீதிமன்றம் நடந்தது, பலருக்குச் சைபீரியா போகத் தீர்ப்பானது. அதன் பிறகு பத்திரிகை. முதல் ஆசிரியர் கசிபெக் விதைக் கோதுமை காணாமல் போனதைப் பற்றி எழுதினார், பிறகு அவரும் காணாமல் போனார்.

வரலாற்றுக் குழு அக்கிம் அலுவலகத்தில் கூடியது. குழு என்றால் அக்கிம், கால்நடைத் துறைத் தலைவர், விளையாட்டுத் துறைத் தலைவர். மற்ற இருவரும் தலையாட்ட வந்தவர்கள். வியாபாரி முதல் வரியிலேயே திருத்தப்பட்டார். பழைய பள்ளிப் புத்தகங்களில் ஏழைகளின் ரத்தம் உறிஞ்சிய அந்த மனிதர் இப்போது முன்னோடித் தொழில்முனைவோர். குதிரை லாயம் ‘போக்குவரத்துப் பிரிவு’ ஆனது. நீதிமன்றம் ‘மக்கள் பெருந்திரளாக வந்து சென்ற பொது அரங்கு’ ஆனது. பத்திரிகைக் கட்டுகளை வண்டியில் ஏற்றிப் போன ஒருவர் அக்கிமின் தாத்தா என்று தெரியவந்தது. முதல் சுற்றில் அவர் ‘விநியோகப் பொறுப்பாளர்’. தேநீர் இடைவேளைக்குப் பிறகு ‘நிறுவனர்களுள் ஒருவர்’.

பிறகு கசிபெக் வந்தார்.

“இவரை என்ன பண்ணாங்கன்னு எழுதியிருக்கீங்க?” என்றார் அக்கிம்.

“ஒரு கறுப்புக் கார் வந்துச்சுங்க. ரெண்டு பேர் இறங்கிக் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் அவர் திரும்பி வரலை.”

“கறுப்புன்னு எதுக்கு? கார்னா போதும். அந்தக் காலத்துல கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போறதுன்னா எவ்வளவு மரியாதை. திரும்பி வரலைன்னா வேற ஊர்ல நல்ல வேலை கிடைச்சிருக்கும். இடமாற்றம்னு எழுதுங்க.”

“அடுத்து வந்த ஆசிரியரையும் அதே மாதிரிதான்...”

“அவருக்கும் இடமாற்றம். திறமைசாலிங்களை அரசாங்கம் ஒரே இடத்துல வெச்சிருக்காது.”

ஒரோசாலி திருத்தி எழுதினார். கசிபெக்கின் தங்கை மகள், இப்போது வயதானவள், இன்னும் ஆற்றங்கரைத் தெருவில் இருந்தாள். அவள் சொன்னதைக் கேட்டுத்தான் இவர் எழுதியிருந்தார். இப்போது அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்தச் சிரமமும் நீடிக்கவில்லை. போவதற்கு வேலையிடமே இல்லாமல் போனது. தலைநகரிலிருந்து நினைவுச் சின்ன ஆணையத்தின் அதிகாரி எர்மெக் வந்து இறங்கினார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சுவரைத் தடவினார், கதவை முகர்ந்தார், மாடிப்படியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அங்கே அடுப்பில் நிலக்கரி போட்டுக்கொண்டிருந்த ஒரோசாலியைப் பார்த்து அதிர்ந்துபோனார்.

“இங்க ஆளுங்க இருக்காங்களா?”

இருக்கிறோம், பத்திரிகை நடத்துகிறோம் என்றார் ஒரோசாலி.

“இது பத்திரிகையோட நினைவுச் சின்னம். இதுக்குள்ள எப்படிப் பத்திரிகை நடத்துவீங்க? அடுப்புச் சூடு செங்கலுக்கு ஆகாது. மூச்சுக் காத்து சுண்ணாம்புக்கு ஆகாது. ஆணி அடிக்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, படியில ஏறக் கூடாது. ஒரு கட்டடத்தை ரொம்பக் கெடுக்கிறது எது தெரியுமா? அதைப் பயன்படுத்தறதுதான்.”

பத்திரிகையைப் பாதுகாப்பதற்காகப் பத்திரிகை வெளியேற்றப்பட்டது. மேசை, கணினி, தேநீர்ப் பானை இவற்றைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் கால்நடைத் துறையின் சினை ஊசி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே பசுக்களுக்கு முன்னுரிமை. தலையங்கம் பாதியில் நிற்கும்போது கதவு திறந்து ஒரு பசு உள்ளே வரும். அது வெளியே போகும்வரை ஆசிரியர் குழு முற்றத்தில் நிற்கும். ஆட்டுச் சந்தைப் பருவம் வந்ததும் அங்கிருந்தும் கிளம்பச் சொன்னார்கள். பிறகு விளையாட்டு அரங்கின் டிக்கெட் கூண்டு. அதில் ஒருவர் எழுதினால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். குதிரைப் பந்தயம் தொடங்கியதும் அதுவும் போய், ஊர் எல்லையில் சாலைப் பணியாளர்கள் விட்டுப்போன சக்கர வீடு ஒன்று கிடைத்தது. அதையும் அவ்வப்போது டிராக்டரில் கட்டி வேறு இடத்துக்கு இழுத்துப் போனார்கள். காலையில் ஒரோசாலி கிளம்பும்போது, இன்றைக்கு எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று மனைவி கேட்பாள். அவருக்கே தெரியாது. மேட்டில் ஏறி நின்று, சக்கர வீட்டின் பச்சைக் கூரை எங்கே தெரிகிறது என்று பார்த்துவிட்டு நடப்பார்.

மேட்டுத் தெருச் செய்தி அச்சில் வரவேயில்லை. முதல் வாரம் விழா அறிவிப்புச் சிறப்பிதழ். அடுத்த வாரம் அக்கிமின் தாத்தா பற்றிய இணைப்பு. பிறகு மின்சாரம் இல்லை, மேசையே இல்லை. சலீமா பாட்டிலோடு சினை ஊசி நிலையத்துக்குப் போனாள், டிக்கெட் கூண்டுக்குப் போனாள், ‘வழி’ எங்கே என்று வழியெல்லாம் கேட்டாள். ஒருமுறை தூரத்தில் சக்கர வீடு டிராக்டருக்குப் பின்னால் போவதைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே ஓடியதாகவும், அது நிற்கவில்லை என்றும் ஊரில் சொன்னார்கள். ஒரோசாலி அதைக் கேட்ட அன்று சாப்பிடவில்லை.

“அக்கா, நாம ஏதாவது பண்ணணும்” என்றார் புருலிடம்.

“என்ன பண்ணணும்னு யோசிச்சிட்டுத்தான் இருக்கேன். யோசிக்க ஒரு இடத்துல உக்கார விட மாட்டேங்கறாங்களே” என்றார் புருல்.

அதற்குள் நீலக் கதவுக் கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்டது. முதல் ஆசிரியரின் மேசை என்று அக்கிமின் பழைய மேசையைப் போட்டார்கள். கசிபெக்காக உட்காரவைக்கத் துணிக்கடையிலிருந்து ஒரு பொம்மை வந்தது. கடையில் பெண் பொம்மைதான் இருந்தது. மீசை ஒட்டி, வெள்ளைக் கல்பாக் தொப்பி வைத்து உட்காரவைத்தார்கள். ஒத்திகைக்கு வந்த எர்மெக் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, ஆனால் உயிர் இல்லை என்றார். திறப்பு விழாவுக்குத் துணை அமைச்சர் வருகிறார், உயிருள்ள காட்சிதான் இப்போதைய முறை என்றார்.

அப்படித்தான் ‘வழி’யின் ஊழியர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஒரோசாலி முதல் ஆசிரியர் கசிபெக்காக நடிக்க வேண்டும். புருல் தட்டச்சு செய்பவராக. கலாச்சார மாளிகை நடிகை ஒருத்தி குறை சொல்ல வரும் அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண்ணாக. ஆசிரியர் கேட்பார், எழுதிக்கொள்வார். பிறகு தொப்பி போட்ட இரண்டு பேர் பூச்செண்டோடு வந்து, இடமாற்ற வாழ்த்துச் சொல்லி அவரைக் காருக்கு அழைத்துப் போவார்கள். அவர் சிரித்துக்கொண்டே போக வேண்டும்.

“பாருங்க ஒரோசாலி,” என்று விளக்கினார் அக்கிம், “அந்தக் காலத்துல ஜனங்க பத்திரிகை ஆபீசுக்கே வந்து கஷ்டத்தைச் சொல்வாங்களாம். பத்திரிகைக்காரங்க உக்காந்து கேப்பாங்களாம். இப்ப உள்ள புள்ளைங்களுக்கு அதெல்லாம் காட்டணும்ல?”

ஒரோசாலி முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். புருல் முந்திக்கொண்டு சரி என்றார். வெளியே வந்ததும் ஒரோசாலி முதல்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினார். கசிபெக்கின் வீட்டார் கூட்டத்தில் நிற்பார்கள், அவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டு காரில் ஏறச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

“கதவுக்கு உள்ள போறதுக்கு அவங்களே கூப்பிடறாங்க. முதல்ல உள்ள போவோம். ஏறதா வேண்டாமாங்கறது உன் கால், உன் இஷ்டம்” என்றார் புருல்.

திறப்பு விழா அன்று கடைத்தெருவே அங்கே திரண்டது. துணை அமைச்சருக்கு வேலைப்பாடு செய்த அங்கி போர்த்தினார்கள், பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளும் குதிரைப்பாலும் கொடுத்தார்கள். அக்கிம் பேசினார். இந்த மாவட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரத்துக்குத் தனிக் கட்டடமே ஒதுக்கியிருக்கிறோம், அதைப் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறோம், சாவி என்னிடமே இருக்கிறது என்றார். கை தட்டினார்கள். எர்மெக், இந்தக் கட்டடம் நூறு ஆண்டுகளில் பட்ட சேதத்தில் பெரும்பகுதி உள்ளே உண்மையாக வேலை நடந்ததால் வந்தது, இனி அந்தக் கவலை இல்லை என்றார். அதற்கும் கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் காட்சியைப் பார்க்க உள்ளே வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

நடிகை வருவதற்குள் சலீமா வந்துவிட்டாள். நீலக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே புருல் அக்கா தட்டச்சு செய்கிறார், ஒரோசாலி மேசையில் இருக்கிறார். அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கயிற்றைத் தூக்கிவிட்டு நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

“எங்கெல்லாம் தேடறது உங்களை” என்றாள். “என் பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா. அடுத்த வீட்டுப் பையனை நேத்து கொண்டுபோய்ச் சேர்த்துட்டாங்க. பம்ப்பைப் பாக்க இன்னும் யாரும் வரலை. இதைத்தான் குடிக்கிறோம், தம்பி. எழுதுங்க.”

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். துணை அமைச்சர் முன்னால் சாய்ந்து பாட்டிலைப் பார்த்தார்.

“தத்ரூபம்” என்று அக்கிமின் காதில் சொன்னார். “அந்தத் தண்ணிக்கு நிறம் எப்படிக் கொண்டுவந்தீங்க?”

அக்கிமுக்கு வியர்த்தது. உள்ளூர்த் திறமை என்றார். வேறென்ன சொல்வார்?

ஒரோசாலி பேனாவை எடுத்தார். ஒத்திகையில் எழுதுவதுபோல் கையை ஆட்டினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது உண்மையாகவே எழுதினார். எந்த மாதம் தொடங்கியது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டார். சலீமா அக்கிம் அலுவலகத்தில் தன்னை எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூட்டத்தில் இருந்த மேட்டுத் தெருக்காரர்கள் சிலர் அவள் விட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். துணை அமைச்சர், பார்வையாளர்களையும் சேர்த்துக்கொள்வது புதுமையாக இருக்கிறது என்று எர்மெக்கிடம் பாராட்டினார்.

அந்த நேரத்தில் தொப்பி போட்ட இரண்டு பேரும் பூச்செண்டோடு உள்ளே வந்தார்கள். கலாச்சார மாளிகையில் மேளம் வாசிப்பவர்கள். நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள், வந்தார்கள்.

“தோழர் கசிபெக், உங்களுக்கு இடமாற்றம். கார் காத்திருக்கு” என்றான் ஒருவன்.

கூட்டத்தின் ஓரத்தில் கசிபெக்கின் தங்கை மகள் நின்றிருந்தாள். ஒரோசாலி அவளைப் பார்த்தார். பேனாவை மறுபடியும் காகிதத்தில் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

“இன்னும் எழுதி முடிக்கலை” என்றார்.

அவர்களுக்கு இதற்கு வசனம் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கிம் பின்னாலிருந்து கண்ணால் சைகை செய்தார். ஒருவன் குனிந்து, “அண்ணே, எந்திரிங்கண்ணே, எங்களைத் திட்டுவாங்க” என்று கெஞ்சினான்.

“அப்படி உக்காருப்பா. நீயும் மேட்டுத் தெருதானே? உன் வீட்டுல எப்படித் தண்ணி வருது?” என்றார் ஒரோசாலி.

அவன் பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தன் வீட்டிலும் அதே கதைதான் என்றான். தொப்பியைக் கழற்றிவிட்டான். ஒரோசாலி அவன் பெயரையும் எழுதிக்கொண்டார். வெளியே கார் இன்ஜின் ஓடியபடி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டார்.

துணை அமைச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவுரையில் அவர் குரல் தழுதழுத்தது. பத்திரிகையாளன் என்றால் இப்படி இருக்க வேண்டும், இப்போதெல்லாம் இப்படிப்பட்டவர்கள் இல்லையே என்று வருந்தினார். இன்று இந்தக் கூரையின் கீழ் தான் கண்டது எதுவோ அது அத்தனையும் நாட்டின் பாதுகாக்கப்பட்ட சொத்து, இதிலிருந்து ஒரு துரும்பையும் இனி யாரும் வெளியே எடுக்கக் கூடாது என்று அறிவித்தார். எர்மெக் முதலில் எழுந்து நின்று கை தட்டினார்.

விருந்தினர்கள் போன பிறகு அக்கிம் எர்மெக்கோடு திரும்பி வந்தார். சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டே, வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார். புருல் அடுப்பில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

“எங்களை எப்படி வெளிய எடுப்பீங்க, ஷெராலி? துணை அமைச்சர் சொன்னதைக் கேட்டுட்டு எல்லாருக்கும் முன்னாடி கை தட்டினீங்களே” என்றார். பிறகு தன் வழக்கப்படி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கிம் எர்மெக்கைப் பார்த்தார். காட்சிப் பொருளை இடம் மாற்றுவது கடுமையான குற்றம் என்று எர்மெக் வருத்தத்தோடு உறுதி செய்தார். சூடு செங்கலுக்கு ஆகாதே என்று அக்கிம் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். துணை அமைச்சர் பார்த்தபோது ஊழியர்கள் உயிரோடு இருந்தார்கள், அதே நிலையில் அவர்களைப் பாதுகாக்க வேண்டியது ஆணையத்தின் கடமை, எனவே அடுப்பும் தேவைதான் என்று சொல்லிவிட்டு எர்மெக் கையுறையைக் கழற்றினார்.

அந்த வெள்ளிக்கிழமை ‘வழி’ முதல் பக்கத்தில் விழாச் செய்தியை முழுதாகப் போட்டது. அக்கிமின் பேச்சு, எர்மெக்கின் பேச்சு, துணை அமைச்சரின் பேச்சு எல்லாம் ஒரு சொல் மாறாமல். நடுவே சலீமா சொன்னதும் மேளக்காரன் சொன்னதும் பெயர், தெரு, மாதத்தோடு. துணை அமைச்சர் பாராட்டிய காட்சியில் எதையும் வெட்டச் சொல்ல அக்கிமுக்கு வாய் வரவில்லை. ஆணையம் வெளியிட்ட வரலாற்றில் கசிபெக்கின் பகுதி மட்டும் திருத்தப்பட்டது. அவருக்கு வந்த இடமாற்றம் அவருடைய வேலைச் சுமையை முன்னிட்டு ரத்து செய்யப்பட்டதாக அதில் இருந்தது. கசிபெக்கின் தங்கை மகள் அதைப் படித்துவிட்டு ஒரோசாலியிடம் வந்தாள். அவர் முதலில் தான் எழுதியதையே, கறுப்புக் காரையும் சேர்த்து, அடுத்த வார இதழில் போட்டார். அருங்காட்சியகக் குறிப்பு என்று மேலே தலைப்பு வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் பனி விழுவதற்கு முன்பு மேட்டுத் தெருவில் புது பம்ப் போட்டார்கள். அதைப் பற்றி நல்லவிதமாக ஒரு செய்தி வேண்டும் என்று அக்கிம் சொல்லியனுப்பினார். ஒரோசாலி போனார். சலீமாவின் மகள் வாசலில் மற்றப் பிள்ளைகளோடு பந்தை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கண்ணில் மஞ்சள் இல்லை. சலீமா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், இவர் இரண்டு கிண்ணம் குடித்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

“தண்ணி நல்லா வருது. அதை எழுதுங்க” என்றாள் சலீமா. பிறகு கதவைத் திறந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பெண்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். “இவங்க ஸ்கூலுக்குப் பின்னாடி தெரு. அவங்களுக்கு மூணு வாரமா கரண்ட்டே இல்லையாம். உங்களைப் பாக்கறதுக்கு அருங்காட்சியக டிக்கெட் வாங்கணுமான்னு கேக்கறாங்க.”

ஒரோசாலி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது கிண்ணத்தைத் தள்ளி வைத்துப் பேனாவைத் திறந்தார்.